சோளம் விதைக்காதீர்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் லேசில் போகாது. அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மராத்தி பேசும் ஊரான போசரியில் ஒரு சிறிய களைக்கொல்லிக் கம்பெனியின் சோதனை வயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சோயாவுக்கு அடிக்கும் மருந்து அது. புல்லும் பூண்டும் கருகிவிடும், சோயா மட்டும் பத்து நாள் மஞ்சளடித்து நின்றுவிட்டுத் தேறிக்கொள்ளும். எனக்கும் அதன் மேல் மரியாதைதான். சோயாவை அறுத்த பிறகு அதே மண்ணில் சோளம் விதைத்துப் பார்த்தேன். மருந்து படாத பாதியில் இடுப்பளவு வந்த பயிர், பட்ட பாதியில் முழங்காலைத் தாண்டவில்லை. மருந்து மண்ணிலேயே தங்கியிருந்தது. அறிக்கையில் எழுதினேன். மேனேஜர் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்.

அவர் திருநெல்வேலிக்காரர். தமிழ்ப் பெண் என்றுதான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார். அதை மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார்.

அடுத்த மழைக்கு முன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகள் கூட்டம். மருந்தின் பெருமையை மராத்தியில் அவர் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளுக்கு ஒன்றரை ஏக்கர். சோயாவை விற்றுவிடுவார்களாம், பின்னால் போடும் சோளம்தான் வருஷம் முழுக்க வீட்டில் ரொட்டியாம். இதை அடித்தால் சோளம் வருமா என்று கேட்டாள்.

“தாராளமா வரும்,” என்றார் மராத்தியில். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு மாறாமல் தமிழுக்குத் தாவினார். “ஏம்மா, வாயத் தொறந்துராத. நம்ம புள்ளன்னுதான வேல போட்டுக் குடுத்தேன்.”

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்கிற தைரியம். இதற்கா நம் பாஷையை வைத்திருக்கிறோம்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து, என் ஓட்டை மராத்தியில் சொன்னேன்: “வாயத் தொறக்காதேன்னு சார் தமிழ்ல சொல்றாரு. அக்கா, இத அடிச்சா அந்த வருஷம் சோளம் போடாதீங்க. நான் போட்டுப் பாத்துட்டேன்.”

கூட்டம் சலசலத்தது. அந்தப் பெண் விளம்பரத் தாளை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள்.

“நம்மாளுன்னு நம்புனேனே,” என்றார் ஜீப்பில்.

“அந்தம்மா வீட்ல ரொட்டி வேகணும் சார்,” என்றேன்.

மறுநாள் என்னைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் சோளத்தைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. மார்க்கரை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் மேலும் மராத்தியில் பெரிதாக எழுதினேன்: இதற்குப் பின் சோளம் விதைக்காதீர்கள். மூன்றாம் நாள் கண்டுபிடித்து என்னை வெளியே அனுப்பினார்கள். அதற்குள் இரண்டு லாரிகள் கிளம்பிப் போயிருந்தன.