எண்ணுக்கு எதிரே எழுதியது

நேற்று குழித்துறையில் ரத்தம் பரிசோதிக்கப் போயிருந்தேன். விரலில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள்: "தினமும் சுகர் பாத்து எங்க எழுதுவிய? போன்லயா, நோட்டுலயா?"

"ரெண்டுலயும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒரு எண்ணை இரண்டு இடத்தில் எழுதும் கிழவனை அவள் வேறெப்படிப் பார்ப்பாள்?

எனக்கு ஸ்பிரிட் வாசனை என்றால் அம்மையின் அறைதான். நான் மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலம். திருவட்டாறு வீட்டில் அம்மையைப் பார்த்துக்கொண்டது என் தங்கை லில்லி. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். வேறு என்ன வேண்டுமென்று நாங்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை. அம்மைக்குச் சர்க்கரையோடு மறதியும் சேர்ந்திருந்தது. லில்லியையே பார்த்து, "நீ ஆருக்க மவ?" என்பாள்.

லில்லி சர்க்கரை அளவை நோட்டில் எழுதிவந்தாள். நான்தான் பெரிய நிர்வாகி போல, புதுப் போன் அனுப்பி அதில் ஒரு ஆப்பும் போடவைத்தேன். அங்கே அவள் எண்ணைத் தட்டினால் மறுநொடி மஸ்கட்டில் எனக்குத் தெரியும். ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் ஐம்பத்திரண்டு என்று வந்ததும் உடனே கூப்பிட்டு, சீனித்தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அம்மை பிழைத்தாள். எனக்குத் தலைக்கனமும் ஏறியது.

அடுத்த வைகாசியில் முந்நூற்றுப் பத்து வந்தது.

"ஏட்டி, அம்மைக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல்லண்ணே."

"பொய் சொல்லாத. அம்மைய கொல்லப் பாக்கியா?"

 "போன வைக்கேண்ணே" என்றாள்.

ஐப்பசி மழையில் ஒரு விடியலில் அம்மை தூக்கத்திலேயே போய்விட்டாள். மஸ்கட்டிலிருந்து ஓடிவந்தேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கட்டிலை ஒதுக்கும்போது நோட்டு கிடைத்தது. போன் வந்த பிறகும் லில்லி அதில் எழுதிவந்திருக்கிறாள்; ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் பென்சிலால் ஒரு வரி. 'மழை. கஞ்சி குடிச்சா.' 'அண்ணன் பேசினான். வச்சப்புறம் அழுதா.' அந்த வைகாசி நாளைத் தேடினேன். முந்நூற்றுப் பத்துக்கு எதிரே: 'சக்கச்சுளை கேட்டா. ரெண்டு குடுத்தேன். தின்னுட்டு, லில்லின்னு கூப்பிட்டா.'

பலாச்சுளையைத்தான் நாங்கள் சக்கச்சுளை என்போம்.

லில்லி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "இத ஏன் எங்கிட்ட சொல்லல்ல?" என்றேன்.

"நீ நம்பர்தானே கேட்ட" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "போட்டுண்ணே, விடு" என்று மீனைத் திருப்பினாள்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். எண்ணை போனில் போடுகிறேன். டாக்டருக்கு அது வேண்டும். நோட்டில் அன்றைய நாளையும் எழுதுகிறேன். லில்லி நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறோம். என்ன கேட்டாலும் "சுகந்தான்" என்பாள்.

போன வாரம் கேட்டேன்: "இப்பவும் நோட்டு எழுதுதியா?"

"இல்லண்ணே. எழுத என்ன இருக்கு?"