பலகைக்குப் போட்ட கால்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். இப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்துவிட்டாளே, இவளுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் கோபப்பட மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு பலகையும் அதன் அடியில் இருந்த இரும்பும்தான். அதை மட்டும் எழுதுகிறேன்.

போன மாதம் அண்ணன் மகன் தன்னுடைய சறுக்குப் பலகையைக் கூடத்தில் போட்டுவிட்டு வெளியே போயிருந்தான். யாரும் பார்க்காத நேரத்தில் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரும்புத் தாங்கிகள். அவற்றின் குறுக்கே அச்சு, அச்சின் இரு முனையிலும் சக்கரம், நடுவில் ஒரு போல்ட், போல்ட்டின் கழுத்தில் ரப்பர், அதற்கு மேல் நட்டு. இதற்கு டிரக் என்று பெயராம். நட்டை விரலால் தொட்டேன். நன்றாக இறுக்கி வைத்திருந்தான். எங்கள் வீட்டில் இதற்குக் கால் என்று பெயர்.

நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சந்துக்குள் பலகை வீட்டில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், நான். பதினோரு வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, இரண்டு கால்களும் எழவில்லை. அதற்குப் பிறகு அம்மா தூக்கி உட்கார வைத்த இடம்தான் என் இடம். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தால் சந்தில் கொஞ்சமும், சாக்கடையும், எதிர் வீட்டு ரம்புத்தான் மரத்தில் பாதியும் தெரியும். பத்து மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அம்மா கிணற்றடியிலிருந்து வந்து நகர்த்தினால்தான் நிழல். கூப்பிடலாம். ஆனால் எத்தனை தடவை ஒருத்தியைக் கூப்பிடுவது? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படியே பல வருஷம் போனது.

அண்ணன் லாரிப் பட்டறையில் வேலை செய்தான். உஜோங் பாசிரில் இருந்த அவனுடைய நண்பர் ஒருவர், காசு கொடுத்துச் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு சுற்றி விளையாடும் ஒரு கூடத்தில் வேலையாக இருந்தார். உடைந்துபோன காலணிகளை ஒரு சாக்கில் போட்டு அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். அண்ணன் அந்தச் சாக்கை எங்கள் வீட்டில் கொட்டி, "உனக்குக் கால் கொண்டாந்திருக்கேன், பொறுக்கி எடு" என்றான்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச்சைப் பாரு. அந்தப் பிள்ளைகிட்ட பேசுற பேச்சா இது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு முழுவதும் அந்த இரும்புகளை மடியில் வைத்துப் பொறுக்கினேன். சிலதில் அச்சு வளைந்திருந்தது. சிலதில் ரப்பர் வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. சக்கரத்தைக் காதோரம் வைத்துச் சுற்றினால் உள்ளே பேரிங் குண்டு உடைந்திருப்பது கேட்கும். சக்கரத்தோடு நல்லதாக நான்கு கால்கள் தேறின.

முதலில் நான்கையும் பலகையின் நான்கு மூலையில் அண்ணன் பூட்டினான். கட்டில்போல உறுதியாக இருந்தது. உட்கார்ந்து, டயர் துண்டு சுற்றிய மரக்கட்டைகளை இரு கையிலும் பிடித்துத் தரையில் உந்தினேன். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய் முட்டினேன். அம்மா அழுதாள். ஆனால் அது நேராக மட்டும்தான் போனது. திரும்பாது. திருப்ப வேண்டுமென்றால் இறங்கி, தரையில் உட்கார்ந்து, பலகையைக் கையால் தூக்கித் திருப்பி வைத்து மறுபடி ஏற வேண்டும். முன்பு ஜன்னல் ஓரம் மாட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இரண்டு சுவருக்கு நடுவில்.

ஏன் திரும்பவில்லை என்று பலகையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பல நாள் பார்த்தேன். ஒரு காலை மட்டும் கையில் எடுத்து ஒரு பக்கமாக அழுத்தினால், ரப்பர் நசுங்கி, அச்சு அந்தப் பக்கம் வளைந்து கொடுக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் இரண்டைப் பூட்டிவிட்டால் ஒன்று மற்றதைச் சாய விடாது. சாயாதது திரும்பாது. முன்னால் நடுவில் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று இருந்தால் போதும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"ரெண்டு போதுமா? கவுந்துருவே."

கவிழ்ந்துதான் போனேன். காலணிக்காகச் செய்த அச்சு, என் அகலத்துக்கு அது காணாது. அண்ணன் பட்டறையில் நீளமான அச்சு கடைந்து கொண்டுவந்தான். சக்கரங்கள் விலகி நின்றதும் பலகை கவிழாமல் நின்றது. அடுத்தது ரப்பர். ரப்பர் விளையும் ஊரில் ரப்பருக்கா பஞ்சம் என்று, தோட்டத்தில் காயப்போடும் ரப்பர் ஷீட்டை வெட்டிப் போட்டுப் பார்த்தோம். மத்தியான வெயிலில் அது அல்வாபோல இளகி ஒட்டிக்கொண்டது. பிறகு அண்ணன் லாரி இன்ஜினுக்கு அடியில் வைக்கும் கெட்டி ரப்பரை வெட்டிப் போட்டான். அது கல். கடைசியில் சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி, கெட்டி ரப்பருக்கு மேலே அடுக்கினேன். அது பொருந்தியது.

மிச்சம் இருந்தது நட்டு. நட்டைத் தளர்த்தினால் பலகை என் தோள் சாயும் பக்கம் திரும்பும். இறுக்கினால் திரும்பாது, ஆனால் ஆடவும் ஆடாது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பலகையைக் கவிழ்த்து, சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, கடைசியில் நட்டை முழு பலத்தோடு இறுக்குவான். ஸ்பேனர் அவனுடைய சைக்கிள் பையில் இருக்கும். சைக்கிள் அவனோடு போய்விடும்.

"அரைச் சுத்துத் தளர்த்திக் குடுண்ணே."

"எதுக்கு? வீட்டுக்குள்ளதானே ஓட்டுறே?"

"சந்து முனை வரைக்கும் போகணும்."

"முனையில சாக்கடை இருக்கு. நீ போய் விழு, அம்மா என்னைக் கொல்லட்டும்."

"அப்ப ஸ்பேனரை வச்சுட்டுப் போ."

"மெர்டேக்கா முடிஞ்சு போச்சு தாயே. கத்தாதே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விடுவான். மெர்டேக்கா மெர்டேக்கா என்று ஊரே கத்திய, சுதந்திரம் வந்த வருஷம் அது. சந்தில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்க் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

அண்ணன் கெட்டவன் இல்லை. நான் விழுந்துவிடக் கூடாது என்றுதான் இறுக்கினான். அதனால்தான் அவனிடம் சண்டை போடவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வேலை கிடைக்கும்போல் இருந்தது. எங்கள் சந்திலிருந்து வெளியே வந்து ரோட்டில் வலப்பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் திரும்பினால் ஒரு அம்மாளின் வீடு. மலாக்கா செட்டி வம்சம். கோயிலுக்கு வருவார், விபூதி பூசுவார், பேச்சு மட்டும் மலாய். நான் அவரை மாக்சிக் என்று கூப்பிடுவேன், மலாயில் அத்தை. கல்யாண வீடுகளுக்குக் கபாயாச் சட்டை தைத்துக் கொடுப்பவர். அம்மாவோடு பேச வந்தவர், நான் தைத்த தலையணை உறையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை நல்ல கை" என்றார் மலாயில். "விஜயதசமி அன்றைக்கு வா. கபாயா ஓரம் பின்ன ஆள் வேண்டும்."

"துணியை இங்கே குடுத்தனுப்புங்களேன்" என்றாள் அம்மா.

"கல்யாணத் துணி என் வீட்டு வாசலைத் தாண்டாது. இவள்தான் வர வேண்டும்." என்னைப் பார்த்தார். "உன்னைத் தூக்கி வர ஆள் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. நீயாக வருவாயா? சென்டிரி?"

சென்டிரி என்றால் தன்னந்தனியாக. "வருவேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அன்றைக்கு நீ வரவில்லையென்றால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வேன். கோபித்துக்கொள்ளாதே."

அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். ஆனால் அவன் பட்டறைக்கு ஏழு மணிக்குப் போக வேண்டும், மாக்சிக் வீடு திறப்பதோ ஒன்பதுக்கு. சாயங்காலம் அவன் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு நாள் கொண்டுபோய் விடுவான். இரண்டாம் நாள் வேலை வந்துவிடும். மூன்றாம் நாள் நான் ஜன்னலுக்கு வந்துவிடுவேன். எனக்குத் தெரியும்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அம்மா வீட்டில் இருந்த ஆயுதம் எல்லாவற்றையும் எடுத்தாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், அண்ணனின் சைக்கிள், அவனுடைய சுத்தியல், ஸ்பேனர், கிரீஸ் டின். பிறகு என்னிடம் வந்தாள்.

"எறங்கும்மா. உன் பலகையையும் சாமிக்கு வைக்கணும்."

"அது எதுக்கும்மா?"

"உன்னைத் தூக்கிச் சுமக்குது. அதுக்கு ஒரு பொட்டு வைக்கக் கூடாதா?"

இறங்கிப் பாயில் உட்கார்ந்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. அதனால் அன்று முழுவதும் பாய்தான். பலகை பழகிய பிறகு பாய் முன்னைவிடச் சிறியதாக இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மா, ஈயை விரட்டத் துணி வேண்டுமென்றாலும் அம்மா. கிணற்றடியிலிருந்து தேய்க்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க முடியாது. கேட்க மட்டும்தான் முடிந்தது.

கொண்டுவந்து வைத்தபோது பலகையின் இரும்பெல்லாம் பளபளவென்று இருந்தது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள். சக்கரத்துக்குச் சக்கரம் சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் குங்குமம். "எப்படி இருக்கு பாரு" என்றாள். அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். அழகாக இருக்கிறது என்றேன்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, "எடுத்துக்கலாம்" என்றாள். அண்ணன் அவசரமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பலகையை என் பக்கம் இழுத்து ஏறி உந்தினேன். நகரவில்லை. மறுபடி உந்தினேன். முன்சக்கரம் ஒன்று கறகறவென்றது, மற்றவை அசையவே இல்லை. உள்ளே தண்ணீரும் புளியும் போய் ராத்திரியோடு துரு பிடித்திருந்தது. சந்தனம் வெளியே சிமெண்டுபோல இறுகியிருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நல்லதுன்னுதானே பண்ணேன். அண்ணன் ஞாயித்துக்கிழமை பாத்துத் தருவான்ம்மா. அவங்ககிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"போகாதேம்மா" என்றேன். வாழை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலுக்கும் கிரீஸ் டின்னுக்கும் நடுவில், குங்குமப் பொட்டோடு ஸ்பேனர் இருந்தது. அண்ணன் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறான். முதல் தடவையாக அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அடுப்பு மண்ணெண்ணெய் கொஞ்சம் தட்டுல ஊத்திக் குடு."

சக்கரங்களைக் கழற்றினேன். குண்டுகள் பாயில் ஓடிவிடாமல் மடியில் துணி விரித்து வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றையும் துணியில் உருட்டித் துரு போகிறதா என்று பார்த்தேன். சந்தனத்தை ஊசியால் சுரண்டி எடுத்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து சந்தனத் துகள்களைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள், தரையில் விழக் கூடாதாம். கிரீஸ் வைத்துக் குண்டுகளை அடுக்கி மூடினேன். சக்கரம் சுற்றியது. முன்போல வழுவழுவென்று இல்லை, ஆனாலும் சுற்றியது.

அப்புறம் நட்டு. இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, பல்லைக் கடித்துத் தள்ளினேன். முதலில் முன்காலை அரைச் சுற்று, பிறகு பின்காலை அரைச் சுற்று. பலகையில் உட்கார்ந்து தோளைச் சாய்த்துப் பார்த்தேன். சாய்ந்தது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா..." என்றாள் அம்மா.

"வாசல் படியில மட்டும் இறக்கி விடு."

இரும்புச் சக்கரம் சிமெண்டில் போட்ட சத்தத்தில் சந்தே வாசலுக்கு வந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். "அடே, எங்க இவ்வளவு ஸ்பீடா?" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு உந்தினேன். முனையில் வலது தோளைச் சாய்த்தேன். சாக்கடை என் இடப்பக்கம் விலகிப் போனது. ரோட்டில் ஓரமாகவே போனேன். மாக்சிக் வீட்டுச் சந்தில் திரும்பும்போது கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டேன். பலகை கவிழ்ந்து முழங்கை தேய்ந்தது. அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. பலகையை நிமிர்த்தி ஏறிக்கொண்டேன்.

மாக்சிக் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சென்டிரி?"

"சென்டிரி."

என் கையைப் பார்த்தார். நகமெல்லாம் கிரீஸ். "இந்தக் கையோடு என் துணியைத் தொட்டாயானால் உன்னை இப்படியே உருட்டி விட்டுவிடுவேன். போய்க் கழுவு" என்று எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார். சாயங்காலம் வரை வெள்ளைத் துணியில் ஓரம் பின்னினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முழங்கையைப் பார்த்துவிட்டாள். அண்ணனிடம் சொன்னாள். அவன் ஸ்பேனரைத் தேடி எடுத்தான், என் முழங்கையைப் பார்த்தான், உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் நட்டுகள் இறுக்கப்பட்டிருந்தன. அண்ணன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். சந்து முனையில் இறங்கி, பலகையைக் கையால் தூக்கித் திருப்பி வைத்து ஏறினேன். மாக்சிக் வீட்டுச் சந்திலும் அப்படியே. கொஞ்சம் நேரமாகிவிட்டது. மாக்சிக் கையைக் கழுவிவிட்டுத் துணியை எடுக்கச் சொன்னார்.