ஆறுமுகநயினார் ஓட்டல்

குற்றாலத்தில் ஓட்டல் என்றால் சோறு போடுகிற இடம். நாலு பெஞ்சும் ஒரு கூரையும் இருந்தால் போதும், ஓட்டல்தான். சிங்கப்பூரில் அப்படியில்லை, ஓட்டல் என்றால் மாடி, கட்டில், மெத்தை, வாசலில் சலாம் போட ஓர் ஆள். இது தரகர் சிவசைலத்துக்கும் தெரியும், என் எதிர்க்கடைக்காரர் ஆறுமுகநயினாருக்கும் தெரியும். தெரிந்தேதான் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பாவூர்சத்திரத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்து, தன் ஓட்டல் கூரையைத் தன் கையாலேயே போட்டவர் ஆறுமுகநயினார். மகள் வடிவம்மாளுக்கு அச்சன்புதூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம் வெகுகாலம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவள். பெண்ணின் அப்பா ஓட்டல் முதலாளி என்றதும், "எத்தனை மாடி?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்னவே சொல்லட்டும்?" என்று வந்து நின்றார் சிவசைலம்.

"ஒண்ணும் சொல்லாதேயும். பொண்ணைத் தென்காசி வீட்டுல வந்து பாக்கட்டும். கடையை அந்தம்மா எதுக்குப் பாக்கணும்?"

அறுபத்திரண்டு ஆனி மாசம், நல்ல சாரல். பெண் பார்க்கச் சாயங்காலம் வருவதாகப் பேச்சு. அன்றைக்கென்று பரிமாறுகிற ஆள் வரவில்லை. மத்தியானக் கூட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று அழுக்குப் பனியனோடு இவரே சாம்பார் வாளியைத் தூக்கினார்.

எங்கள் பக்கத்தில் பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். ஒரு வாய் தின்றாலும் சம்மதம் சொன்னதாகிவிடும். அதனால் ரத்தினமும் மகனும் அருவியில் குளித்துவிட்டு, வெளியிலேயே சாப்பிடுவோம் என்று வந்து உட்கார்ந்தது இவர் பெஞ்சில்! போர்டில் 'ஓட்டல்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

"சாம்பார் நல்லாருக்கு அண்ணாச்சி. இங்கன ஆறுமுகநயினாருன்னு ஒருத்தரு பெரிய ஓட்டல் வச்சிருக்காராமே, எங்கன இருக்கு?" என்று கேட்டாள் ரத்தினம்.

ஆள் யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது. நான்தான் தாயி என்றால் தீர்ந்தது. அவரோ கையிலிருந்த வாளியைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார்.

"அப்படி யாரையும் தெரியாதே தாயி. நான் இங்கன வேலைக்கு நிக்குதவன்."

பாவி மனுஷன், தன்னையே தெரியாது என்றார். பரிமாறுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்ற தைரியத்தில், சாயங்காலம் சரிகை வேட்டியோடு வீட்டு வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றார்.

ஆனால் ரத்தினம் அந்த முகத்தைப் பார்த்திருந்தாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மத்தியானமே உங்க சோத்துல கை நனைச்சாச்சே அண்ணாச்சி, இனிமே பேச என்ன இருக்கு? மாடி இல்லைன்னா எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் உங்க கடையிலயே வேலைக்கு நிக்குதேன்னுட்டிய" என்றாள்.

கூடமே சிரித்தது. வெற்றிலையும் மாற்றியாயிற்று. ஆறுமுகநயினாருக்கு வேட்டிச் சரிகை உடம்பெல்லாம் குத்தியது. எங்காவது போய் ஒளிந்துகொண்டால் தேவலை என்றிருந்தது.

வடிவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின் கேட்டாள்: "அந்தக் கடைச் சோத்துலதானப்பா நான் வளந்தேன். நானும் அங்கன நின்னு, இது யாருன்னு அவுக கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பிய?"

மறுநாள் பெயிண்டரைக் கூட்டிவந்து, போர்டில் 'ஓட்டல்' என்பதற்கு முன்னால் தன் பெயரையும் எழுதச் சொன்னார். அவன் எழுதி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.