பக்கற்றில் அக்காவின் பெயர்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்நினைவு மலரைத் தருகின்றோம். அவருடைய பொறுமையையும் உபசரிப்பையும் நீங்கள் அறிவீர்கள். அவருடைய பயத்தை அறிந்தவர்கள் குறைவு. கூடவே இருந்த தங்கை என்ற உரிமையில் அதை எழுதுகின்றேன்.

அக்கா வெருகலில் பிறந்தார். மணமாகித் தம்பலகாமம் வந்தார். மூன்றாம் வருடம், பெயர் பதிய வேண்டும் என்று இராணுவத்தினர் கூப்பிட்டார்கள். போன அத்தான் திரும்பவேயில்லை. அதன்பின் அக்கா தன் பெயரை எங்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அவருக்கான கடிதங்களும் என் பெயருக்கே வந்தன. வாசலில் வாகனம் நின்றால் பின்வளவுக்குப் போய்விடுவார்.

கோழி வளர்த்தே என்னைப் படிப்பித்தார். மசாலா பிரட்டிப் பக்கற்றில் அடைத்து அவர் உறையவைத்த கோழி இறைச்சியைக் கிண்ணியாவைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் வாங்கித் தன் பெயரில் விற்றார். அறுப்பதற்கும் அவரே ஆள் அனுப்புவார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் நானா என்றே அவரை அழைப்போம். ஒருநாள், தொழிலை விடப்போவதாக அக்காவிடம் சொல்ல வந்தார்.

“தங்கச்சி, இனி உங்கட பேரிலயே லேபலுக்கு அனுமதி எடுங்க. அது இல்லாம கடைக்காரர் எடுக்க மாட்டாங்க.”

“லேபல்ல என்னென்ன போடவேணும் நானா?” என்று அக்கா கேட்டார்.

“என்ன சேர்த்த, எப்ப செஞ்ச, செய்றவர்ட பேர், விலாசம்.”

அக்கா என்னை அனுப்பி அனுமதிப் படிவம் எடுப்பித்தார்.

படிவத்தில் பெயருக்கும் விலாசத்துக்கும் உரிய இடங்களை மட்டும் வெறுமையாக விட்டார். சுகாதார அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “என்ர பேரைப் போடுவம் அக்கா,” என்று நான் எழுதத் தொடங்கினேன். அவர் படிவத்தைப் பறித்தார்.

“ஆரும் தேடி வந்தா உன்னையெல்லோ கொண்டுபோவாங்கள். ஏலாது.”

வேறு படிவம் எடுத்துத் தன் கையாலேயே தன் பெயரை எழுதினார். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

சுகாதார அதிகாரியின் ஜீப் வாசலில் நின்ற அன்று, அக்கா தீவன மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். அதிகாரி அதைக் கண்டுவிட்டார். “நான் பிறகு வாறன்,” என்று மட்டும் என்னிடம் சொன்னார். அடுத்த முறை ஜீப்பைத் தொலைவில் கண்டி வீதியிலேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்து வந்தார்.

“அம்மா, உள்ளுக்கு வரலாமோ?”

“ஓம்… வாங்கோ.”

கழுவுமிடத்தையும் குளிரூட்டியையும் பார்த்தார். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற வரி லேபலில் இல்லை, சேருங்கள் என்றார். சில வாரங்களில் அனுமதி வந்தது.

நான் மகிழ்ந்தேன். அக்கா அழுதார். “இனி எங்க ஒளிக்கிறது? கடை கடையா விலாசம் போகுது.” நகரத்துக் கடைகளுக்குப் பக்கற்றுகள் போன முதல் மாதம், வாசல் படலை அசைந்தாலே திடுக்கிட்டார்.

பிறகொரு பிற்பகல், ஆட்களைக் கொண்டுபோவதற்கென்றே வரும் வெள்ளை வான்களைப் போல ஒன்று வாசலில் நின்றது. நான் குசினியில் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அக்காதான் வெளியே போனார். வானிலிருந்து இறங்கிய பெண்ணின் கையில் எங்கள் வெற்றுப் பக்கற் இருந்தது.

“இந்த விலாசம் இதுதானோ? மகளின்ர பிறந்தநாளுக்கு இறைச்சி வேணும்.”

“ஓம், இதுதான்,” என்ற அக்கா, அவர் கேட்காமலே தன் முழுப்பெயரையும் சொன்னார். வான் போனதும் படியில் அமர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

“பயம்தான். எண்டாலும் போனனான், கண்டனியோ?”

பயம் அவரை விட்டுப் போனது என்று எழுத ஆசை. போகவில்லை. சிறுநீரக நோயோடு கிடந்த கடைசி நாள்களிலும், வெளியே வாகனச் சத்தம் கேட்டால் என் கையை இறுக்கிப் பிடிப்பார்.

அந்நாள்களில் அவரைப் பராமரித்த தாதியருக்கும், வழிகாட்டிய நானாவுக்கும், வெயிலில் நடந்து வந்த அதிகாரிக்கும், இறுதிக் கிரியைகளில் எங்களைத் தாங்கிய உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் மேசையில் இருக்கிறது. இம்முறை என் பெயரை எழுத வேண்டும். இரண்டு தடவை பேனையை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இம்மலர் உங்களிடம் வந்து சேரும்போது எழுதி முடித்திருப்பேன்.

தங்கை