கம்பம் என்று நினைத்த சிவப்பு

எனக்கு எண்பத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை இன்னொருவர் கையால் எழுத விடமாட்டேன். என் வீட்டுக்காரரைப் பற்றி உறவில் ஒரு தவறான பேச்சு உண்டு, லாரிச் சாவியை அவரிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன் என்று.

அறுபதுகளில் சிங்கப்பூரில் அவர் தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டினார். சுவா சூ காங் தோட்டங்களில் ஏற்றிக்கொண்டு பொழுது சாய்ந்தபின் திரும்புவார். நான் வாழையிலை வியாபாரம் செய்தேன். என் இலைக்கட்டுகளோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன்.

வழியில் தெருவிளக்கு இல்லாத இடங்கள் நிறைய. சாலை நடுவில் கண்ணாடிக் குமிழ்கள் பதித்திருந்தார்கள். பூனைக்கண் என்பார்கள் டிரைவர்கள். லாரி வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். கடந்துபோனால் பழையபடி இருட்டு. ஓரத்துக் கம்பங்களிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புக் கண்ணாடி இருக்கும். சாலை எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று இவைதான் காட்டும்.

ஒரு வருடம் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, முகத்தை முன்கண்ணாடியில் ஒட்டிவைத்து ஓட்டத் தொடங்கினார். பூனைக்கண் இல்லாத இடம் வந்தால் லாரி ஊர்ந்தது.

"என்னங்க, மாட்டுவண்டி மாதிரி போறீங்க?"

"லாரி ஓட்டுறது நீயா நானா?"

"நீங்கதான். இலை வாடுறதுக்குள்ள தேக்கா போயிடுவோமா?"

அவர் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

மழை விட்டிருந்த ஓர் இரவு. எதிரே பஸ் வர, அவர் ஓரமாக ஒதுங்கினார். முன்னால் இடப்பக்கம் ஒரு சிவப்பு தெரிந்தது. "கம்பம்" என்று தனக்குத்தானே சொல்லி, அதை ஒட்டியே லாரியை விட்டார். நான் பார்த்தேன். அந்தச் சிவப்பு லேசாக ஆடியது.

"நிறுத்துங்க. அது நகருது."

பிரேக் பிடித்ததில் இலைக்கட்டு என் காலில் விழுந்தது. சைக்கிளில் மூட்டை வைத்து ஒரு சீனர் போய்க்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிளின் பின் மட்கார்டில் இருந்த கண்ணாடி அது. லாரிக்கும் அவருக்கும் ஒரு கை நீளம் இருந்திருக்கும். திரும்பிப் பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

அவர் என்ஜினை அணைத்தார்.

"எனக்குக் கம்பமாத்தான் தெரிஞ்சுச்சு, புள்ள."

"புரியுதுங்க."

"முதலாளிகிட்ட சொல்லிடாத. இந்த வேலை போனா பிள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்?"

"சோறு நான் போடுறேன். அந்த ஆளு செத்திருந்தா, அவரு வீட்டுல யாரு போடுவா?"

விடிந்ததும் அவரே முதலாளியிடம் போய், "ராத்திரியில எனக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்தார். நான் வாசலில்தான் நின்றேன். பிறகு சந்தையில் மூட்டை இறக்கினார். டிரைவராக இருந்தவர் முதுகில் சாக்குப் போட்டு நடந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அவர் தலை குனியவில்லை.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் தாளைக் கொடுக்கிறேன்.

"இந்தாம்மா, சத்தமா வாசி. சாவிய உன் தாத்தாவே குடுத்தாருன்னு சரியா எழுதியிருக்கேனா, பாரு."