பதினேழு நெறிகள்

பெருங்குடலில் புற்றுநோய் என்று டாக்டரம்மா சொன்ன அன்று நான் அழவில்லை. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதால் வீடு வந்து சேர்வது எப்படி? நான் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அவருக்குத் திருவேங்கடம் பக்கம் கரிசல் நிலம். உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். மழை இல்லாமல் பயிர் கருகிய வருஷத்தில்கூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்து, லேபுக்கு அனுப்பினார்கள். ஒரு சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. "என்ன போட்டிருக்கு தாயி?" என்று இவர் நர்ஸிடம் கேட்டார்.

"பார்த்த நிணநீர் முடிச்சு எதுலயும் புற்றுநோய் இல்லைன்னு இருக்கு. டாக்டரம்மா நாளைக்கு வந்து விளக்கமாச் சொல்லுவாங்க."

'இல்லை' என்ற சொல்லுக்கு மேல் அவர் காதில் எதுவும் விழவில்லை. போய் அல்வா வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். என் தம்பி கையில் ஒரு பெரிய பொட்டலம் கொடுத்து, எங்கள் தெருவுக்கும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நல்ல செய்திதான். ஆனா இன்னும் முடியல. குடலை ஒட்டின கொழுப்புக்குள்ள சின்னச் சின்ன முடிச்சுங்க இருக்கும். நோய் பரவுச்சுன்னா பெரும்பாலும் மொதல்ல அங்கதான் போகும்."

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுமே, அதா?" என்றார் இவர்.

"அதேதான். இவங்களுக்கு எட்டு நெறிதான் பார்த்திருக்காங்க. கொறஞ்சது பன்னிரண்டாவது பார்க்கணும். கொறைவாப் பார்த்தா, பரவியிருந்தாலும் தெரியாமப் போயிரலாம். அப்புறம் கீமோ தேவைப்படுறவங்களுக்குக் கொடுக்காம விட்டுருவோம்."

"வயல்ல ரெண்டு எடத்துல கொத்திப் பார்த்துட்டு, கோரைக் கெழங்கு இல்லைன்னு சொல்ல முடியாதுல்லா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எடுத்த குடலை லேபில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், மறுபடி தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

அவர் போனதும் இவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஊருக்கே அல்வா கொடுத்துட்டேனே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல் சுரீரென்று இழுத்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். "சிரிக்காத ஏட்டி, தையல் பிரிஞ்சிரும்" என்று அதட்டிய மனுஷனும் சிரித்தார். நோய் வந்தபிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்தோம். அல்வா தின்றவர்கள் எல்லாம் நலம் விசாரிக்க வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கு" என்று இவர் வாசலிலேயே சொல்லிச் சமாளித்தார். சமையலும் அவர்தான். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போடுவார்; நானும் குறை சொல்லாமல் சாப்பிடுவேன்.

அவர் அடுப்படியில் நின்றபோதுதான் போன் வந்தது. டாக்டரம்மாவே பேசினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னும் ஒம்போது கெடச்சிருக்கு. மொத்தம் பதினேழு. ஒண்ணுலயும் நோய் இல்லம்மா. மத்த ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு, கீமோ வேண்டாம். ஆனா ரத்த டெஸ்ட்டு, ஸ்கேன், கேமரா விட்டுப் பார்க்கிறது எல்லாத்துக்கும் சொன்ன நேரத்துக்கு வந்துரணும்."

"பொழச்சிருவாளா?" என்று இவர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"உறுதியா யாரும் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஆனா ரொம்ப வருஷம் நல்லா இருக்க வாய்ப்பு நெறைய இருக்கு. போதுமான நெறி பார்த்தாச்சு, அதனால நம்பிச் சொல்லுதேன்."

"ரசம் கொதிக்கி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அடுப்பைப் பார்த்தபடி ரொம்ப நேரம் திரும்பவே இல்லை.

அதன் பிறகு ஒரு பரிசோதனையையும் நான் தவறவிட்டதில்லை. இந்த வருஷமும் எல்லாம் சரியாக இருந்தது. அந்த வாரமே சிவகிரியில் தம்பி மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது பெண்கள் குலவை போட்டார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் என் குலவை போய்க்கொண்டே இருந்தது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.