பாஸ் ஆகிவிட்டதால் கிடைக்காத சான்றிதழ்

முதலில் பரிசோதித்தது என் காதுகளை.

மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஒன்பதாம் வகுப்பில் புகார் வந்தது. உம்மா என்னை ராமநாதபுரத்தில் ஒரு காது மருத்துவரிடம் கூட்டிப்போனார். சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாச் சத்தத்துக்கும் தூக்கினேன். பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்ததற்கும் தூக்கினேன்.

"காது ரொம்ப நல்லாக் கேக்குதும்மா," என்றார் மருத்துவர்.

பஸ் ஏறும்வரை உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே வந்தார். துபாயில் இருந்த வாப்பாவுக்குக் குரல்செய்தி அனுப்பினார். "காது நல்லாத்தான் இருக்காம். இவதான் வேணும்னே திரும்ப மாட்டேங்குறா."

என்னைப் போல ஒரு பிள்ளை இருந்தால் உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியிருக்கும். காது, கண், தைராய்டு, ரத்தசோகை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகத் தாள் வரும். பிள்ளை மட்டும் அப்படியே இருக்கும்.

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் விஷயம் முற்றியது. வகுப்பில் என் மூலையில் உட்கார்ந்து எழுதும் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்குவேன். காலாண்டுக்குப் பெரிய கூடத்தில் உட்காரவைத்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது, யாரோ பேனாவைத் தட்டினார்கள், கண்காணிப்பாளர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். மூன்று தேர்வுகளில் வெற்றுத்தாள் கொடுத்தேன். பொதுத்தேர்வும் அதே கூடத்தில்தான்.

வகுப்பாசிரியை கலா டீச்சர், முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், உம்மாவை அழைத்து இது ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். (ஆட்டிசம்: மூளை உலகத்தை வேறு விதமாக உள்வாங்கும் பிறவி இயல்பு. சத்தமும் தொடுதலும் பல மடங்காகத் தெரியலாம். முகக்குறிப்புகள் பிடிபடாமல் போகலாம். இது நோய் அல்ல.) சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் தனி அறையும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்குச் சுற்றில் வரும் சிறப்பாசிரியை மதிப்பீட்டு முகாமுக்கு என் பெயரைக் கொடுத்தார்.

தலைமையாசிரியைக்குப் புரியவில்லை. "இந்த ஸ்கூல்லயே இவ ஒருத்திதான் சத்தம் போடாம இருக்கா. இவளுக்குப் போயி என்ன குறைன்னு எழுதுறது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கீழக்கரைக்குக் கிழக்கே எங்கள் கடலோர ஊரில், வயதுக்கு வந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் அதற்குப் பெயர் அடக்கம். என் அறிகுறிகளில் பாதியை ஊர் பாராட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளியில் யாரையும் தயார் செய்யாமல் எந்தத் தேர்வுக்கும் அனுப்புவதில்லை. முகாமில் என்ன கேட்பார்கள் என்று சிறப்பாசிரியையிடம் விசாரித்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை கலா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். உம்மா தேநீர் வைத்தார். பயிற்சி தொடங்கியது.

"டாக்டரு மூஞ்சியப் பாத்துப் பேசணும். கண்ணப் பாக்க முடியலைன்னா புருவத்தப் பாரு. அவருக்குத் தெரியாது."

"அவரு சிரிச்சா?"

"நீயும் சிரி."

"எவ்வளவு நேரம்?"

"அவரு நிறுத்துற வரைக்கும்."

"பல்லு தெரியாம," என்றார் உம்மா.

சோதனை எதற்கு என்று மூவரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

முகாமில் உளவியலாளர் (மனத்தின் செயல்பாட்டை மதிப்பிடுபவர், மருந்து எழுதுபவர் அல்ல) கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் சிரித்தபோது சிரித்தேன். "பிள்ளை இயல்பாத்தான் இருக்கு. கொஞ்சம் கூச்சம், போகப்போகச் சரியாயிரும்," என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் நின்று உம்மா டீச்சருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது.

"டீச்சர், பாஸ் ஆயிட்டா."

"ரொம்பச் சந்தோசம்மா. சர்டிபிகேட் எப்பத் தாராகளாம்?"

உம்மா என்னைப் பார்த்தார். "பாஸ் ஆனா தர மாட்டாங்க டீச்சர்," என்றேன்.

இப்போது டீச்சர் என்னைக் கேட்டார். "ஏ புள்ள, எல்லாத்துக்குமா பதில் சொன்ன?"

"நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். இரண்டு நாள் பேச்சு வரவில்லை. இயல்பாக இருப்பதற்கு என் உடம்பு கொடுத்த விலை அது. மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடமில்லை.

மறுபடி போகலாம் என்று டீச்சர் சொன்னதும் உம்மா மறுத்தார். "நாளைக்கு நிக்காஹ் பேசுறப்ப இந்தத் தாள எவளாவது தூக்கிக் காட்டுனா?"

"பத்தாவது ஃபெயிலான தாள மட்டும் காட்ட மாட்டாங்களா?" என்றேன்.

உம்மா யோசித்தார். அடுத்த முகாமுக்குப் போனோம்.

அதே உளவியலாளர். அவர் சிரித்தார். நான் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா இடுப்பில் கிள்ளினார். "பாத்துப் பேசு. அன்னைக்கு நல்லாத்தான பேசுன?"

"அன்னைக்கு எப்படிம்மா பேசுன?" என்று உளவியலாளர் என்னைக் கேட்டார்.

"டீச்சரும் உம்மாவும் சொல்லிக்குடுத்தாங்க. நான் உங்க கண்ணப் பாக்கல சார், புருவத்தத்தான் பாத்தேன். இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு."

அவர் கை தானாகப் புருவத்துக்குப் போனது. பேனாவை மூடிவிட்டு உம்மா பக்கம் திரும்பி, சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டார். உம்மா எனக்காக வாதாடத் தொடங்கினார்.

"இவளால ஒரு தொந்தரவும் கிடையாது சார். பெருநாள் துணிய மட்டும் நோன்பு தொடங்குறப்பவே எடுத்துருவேன். நாலஞ்சு தடவ அலசி, உள்ள குத்துற நூலெல்லாம் வெட்டி மெத்துன்னு ஆனப்புறம்தான் போடுவா. மிக்ஸி ஓட்டுறதுக்கு முன்னாடி சொல்லிருவேன். கல்யாண வீட்டுல சஹன்ல உக்கார மாட்டா, தனித் தட்டுல வாங்கியாந்து குடுத்துருவேன்." சஹன் என்பது எங்கள் விருந்துகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டு.

"இதெல்லாம் இவ தம்பிக்கும் செய்வீங்களா?"

"அவனுக்கு எதுக்குச் செய்யணும்?" என்றார் உம்மா. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதினைந்து வருடமாக ஒவ்வொரு முள்ளையும் எனக்கு முன்னால் போய் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மற்றவர்கள் பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத அளவுக்கு. உங்கள் பிள்ளையை அழைத்துப் போகும்போது தயார் செய்யாதீர்கள். நீங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வதை மட்டும் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

உளவியலாளர் எழுதிய அறிக்கையின் பேரில் சான்றிதழ் பொதுத்தேர்வுக்குச் சற்று முன்புதான் கைக்கு வந்தது. தனி அறை என்று கொடுத்தது விளையாட்டுச் சாமான்கள் கிடக்கும் அறை. சன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டார். அதை நிறுத்த மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டுமாம். கலா டீச்சர் ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மதியம்வரை பள்ளிக்குத் தண்ணீர் இல்லை.

தமிழ்த் தேர்வில் கூடுதல் நேரம் முழுவதும் தேவைப்பட்டது. அறிவியலில் தேவைப்படவில்லை, ஆனாலும் எழுந்து போகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. தாடை மெல்லத் தளர்ந்தது. அதுவரை எத்தனை வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாத் தேர்விலும் தேறினேன்.

இப்போது மதுரையில் ஒரு செய்தித்தாளில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்துகிறேன். ஆட்டிசம் அப்படியே இருக்கிறது. உடம்பு எப்போது களைக்கிறது என்பது மட்டும் முன்கூட்டியே தெரிகிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால் பகலில் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்வேன். சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள், வந்து கதவைத் தட்டுவார்கள்.

உம்மாவின் குரல் உள்ளே கேட்கும். "அவளுக்கு இப்ப எக்ஸ்ட்ரா டைம். அஸர் தொழுதுட்டு வாங்க."

அந்தப் பிற்பகல் தொழுகை முடியும்வரை நான் யாருடைய புருவத்தையும் பார்க்க வேண்டியதில்லை.